சந்தேகத்துக்குரிய பாத்திரம்

கடல் கடந்து போகும் சரக்குகளுள், உடைந்துவிடுமோ என்ற கவலையை அனுப்புகிறவனுக்கும், வழியில் எவனாவது திறந்து குடித்துவிடுவானோ என்ற கவலையைக் கப்பல் தலைவனுக்கும், சேரவேண்டிய தீர்வை சேராமற்போகுமோ என்ற கவலையை இரு கரையிலுமுள்ள அரசாங்கங்களுக்கும் ஒருங்கே கொடுக்கிற சரக்கு மதுவைப்போல் மற்றொன்று இல்லை. பட்டுக்கும் மிளகுக்கும் இவற்றுள் ஏதேனும் ஒன்று உண்டு. மூன்றும் சேர்ந்து விடிந்தது வடித்திறக்கிய சாராய வகைகளின் தலையில்தான். குடியின் நன்மை தீமைகளை ஆராய்வது என் நோக்கமன்று. அதைச் செய்தவர்கள் நம் நாட்டில் திருவள்ளுவர் முதலாகப் பலர் இருக்கிறார்கள். ஒரு குப்பிச் சாராயத்தை நொறுங்காமலும் திருட்டுப்போகாமலும் சட்டத்துக்கு உட்பட்டும் அயல்நாட்டுக் கரையில் இறக்குவதற்கு மனிதர்கள் எத்தனை தலைமுறை பிரயத்தனப்பட்டார்கள் என்பதை, அந்த வியாபாரத்தில் உலகப் பிரசித்தி பெற்ற ஸ்காட்லாந்து விஸ்கியை முன்னிட்டு இங்கே சொல்லப் புகுகிறேன்.

இன்று விமான நிலையத்துக் கடைகளில் வர்ண அட்டைப் பெட்டிகளுக்குள் கம்பீரமாக நிற்கும் விஸ்கிக் குப்பிகளைப் பார்க்கிறவர்கள், மதுவுக்குக் கண்ணாடிக் குப்பியே இயற்கையான பாத்திரமென்றும், அது என்றைக்கும் சட்டத்தின் தயவைப் பெற்றிருந்ததென்றும் எண்ணக்கூடும். சரித்திரம் சொல்வது வேறு. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்டத்தின் கண்ணுக்குக் குப்பி என்பது கள்ளக்கடத்தல்காரனின் பாத்திரம். பெரிய பீப்பாயை ஒளித்துவைக்க இயலாது. உத்தியோகஸ்தர் அதன் வாயில் அளவுகோலை விட்டு ஆழம் பார்த்து, தீர்வையைக் கணக்கிட்டு, மரத்தின்மேல் குறி கீறி அனுப்பிவிடலாம். குப்பியோ மேலங்கிக்குள்ளும் மீன் கூடைக்குள்ளும் புகுந்துவிடும். 1728ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி, ஷாம்பேன் பிரதேசத்துத் திராட்சை மதுவைக் குப்பிகளில் அடைத்தே கொண்டுபோகலாம் என்று அனுமதி அளித்தார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், குப்பியில் அடைத்த திராட்சை மது தன் நாட்டுக்குள் இறங்கக் கூடாதென்று சட்டம் இயற்றிற்று. இருபது மைல் அகலமுள்ள ஒரு கடற்காலின் இரு கரைகளிலும் ஒரே ஆண்டில் இரண்டு நியாயங்கள் பிறந்தன.

ஆங்கில அரசாங்கத்தின் சந்தேகம் ஆதாரமற்றதன்று. தெற்குக் கரையோரங்களில் பிரெஞ்சுப் பிராந்தியையும் டச்சு ஜின்னையும் களவாகக் கொண்டுவந்தவர்கள், சுமார் நான்கு காலன் கொள்ளும் சிறு பீப்பாய்களை இரண்டிரண்டாகக் கயிற்றில் பிணைத்து, மார்பில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாகத் தொங்கவிட்டுக்கொண்டு, விடிவதற்குள் மேட்டு நிலத்தைக் கடந்துவிடுவார்கள். காவற்படகு கண்ணில் பட்டால் பீப்பாய்களைக் கல்லோடு கட்டிக் கடலின் அடியில் இருத்திவிட்டு, ஆபத்து நீங்கியபின் கொக்கி எறிந்து மீட்பார்கள். அதிக நாள் உப்புநீரில் கிடந்து நாறிப்போன பீப்பாய்களும் பல உண்டு. ஆகவே, பாத்திரம் எவ்வளவுக்கு எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்கு அவ்வளவு குற்றத்துக்கு உடந்தை என்பது அக்காலத்து அதிகாரிகளின் ஸ்திரமான அபிப்பிராயமாயிற்று.

ஸ்காட்லாந்தின் கதை இதற்கு வெகுகாலம் முந்தியது. 1494ஆம் ஆண்டு அரசாங்கக் கணக்கேட்டில், ஜான் கோர் என்ற துறவிக்குச் சாராயம் வடிக்க மால்ட் தானியம் கொடுத்த செய்தி பதிவாகியிருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1644இல், அந்நாட்டு நாடாளுமன்றம் அதன்மேல் முதல் வரியைப் போட்டது. 1707இல் இரு ராஜ்யங்களும் ஒன்றான பிறகு, விஸ்கியை விற்க மிக அருகிலிருந்த இங்கிலாந்தே ஸ்காட்லாந்துக்காரருக்கு அந்நிய தேசம் போல ஆயிற்று என்றால் அது மிகையாகாது. 1784இல் சட்டம் நாட்டின் குறுக்கே ஒரு கற்பனைக் கோட்டை இழுத்து, அதற்கு வடக்கே மலைநாட்டில் குறைந்த வரியில் வடித்த விஸ்கி அந்தக் கோட்டைத் தாண்டித் தெற்கே வரக்கூடாதென்று விதித்தது. 1788இல், இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்ய விரும்பும் ஸ்காட்லாந்து வடிசாலைக்காரர் பன்னிரண்டு மாதம் முன்னதாக அறிவிப்புக் கொடுக்கவேண்டும் என்றொரு சட்டம் வந்தது. லண்டன் வடிசாலைக்காரர்களின் செல்வாக்கு அதன் பின்னே இருந்தது; ஓராண்டு வியாபாரம் அடைபட்டு நின்றதில் தெற்குச் சீமையின் பெரிய வடிசாலைக் குடும்பங்களே திவாலாயின. ஏற்றுமதியைத் தடுக்க வாளோ பீரங்கியோ தேவையில்லை, ஒரு விண்ணப்பக் காகிதமே போதும் என்பதை அரசாங்கங்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டன.

விளைவு எதிர்பார்த்ததே. மலைப்பள்ளங்களில் கள்ள வடிசாலைகள் பெருகின. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு எழுந்தருளியபோது, அவர் விரும்பிக் கேட்டது கிளென்லிவெட் பள்ளத்தாக்கின் விஸ்கி என்றும், அது வரி செலுத்தாத சரக்கு என்றும் அக்காலத்துப் பெண்மணி ஒருவர் தம் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். மன்னரே தம் சட்டத்துக்கு மாறான பானத்தை அருந்திய மறு ஆண்டில், 1823இல், நியாயமான வரியும் ஆண்டுக்குப் பத்துப் பவுன் உரிமக் கட்டணமும் விதித்து ஒரு சட்டம் வந்ததைத் தற்செயல் என்று சொன்னாலும் சுவையான தற்செயல்தான். அப்பள்ளத்தாக்கில் முதன்முதல் உரிமம் எடுத்த ஜார்ஜ் ஸ்மித், அண்டை அயலாரான பழைய கடத்தல்காரர்களுக்கு அஞ்சி, ஒரு ஜமீன்தார் கொடுத்த இரண்டு கைத்துப்பாக்கிகளை இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தாராம். சட்டத்துக்கு உட்பட்டு வியாபாரம் செய்வதற்கு ஆயுதம் தேவைப்பட்ட காலம் அது.

இனித் துறைமுகத்துக்கு வருவோம். இந்த விஷயத்தின் சாரம் அங்கேதான் இருக்கிறது. பீப்பாயைப் போல உறுதியான பாத்திரம் இல்லை. படிக்கட்டில் உருட்டலாம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், புயலிலும் நொறுங்காது. ஆனால் அதற்குள் இருப்பதைத் திருடுவது போல எளிதான காரியமும் இல்லை. கப்பலின் அடித்தட்டில் இருட்டிலே வேலை செய்யும் கைதேர்ந்த ஆள், பீப்பாயின் இரும்புப் பட்டை ஒன்றைச் சுத்தியலால் மெல்லத் தட்டி ஓரங்குலம் நகர்த்துவான். பட்டை மூடியிருந்த இடத்தில் துளை ஊசியால் ஒரு துவாரம் போடுவான். வேண்டிய மட்டும் வடித்துக்கொண்டபின், துவாரத்தில் ஒரு மரமுளையை அடித்து, மேற்புறத்தை மழுங்கச் சீவி, பட்டையை மறுபடி பழைய இடத்துக்கே தட்டிவிடுவான். கரையில் பீப்பாயைப் பார்வையிடுகிறவனுக்கு மேலே ஒரு கீறலும் தெரியாது. எடுத்த அளவுக்குத் தண்ணீர் விட்டு நிரப்பியிருந்தாலோ எடையும் குறையாது. தேம்ஸ் நதியில் இத்தகைய களவு எவ்வளவு பெருகியிருந்ததென்றால், முன்பு கிளாஸ்கோ நகரின் தலைவராக இருந்த பாட்ரிக் கஹூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1798இல் வாப்பிங் துறையில் நதிப் போலீஸ் ஒன்றை ஏற்படுத்தவேண்டியதாயிற்று. 1802இலும் 1805இலும் திறக்கப்பட்ட லண்டனின் புதிய துறைகளைச் சுற்றிக் கோட்டை மதில் போன்ற சுவர்கள் எழுந்ததற்கும் இந்தக் களவே முதற்காரணம்.

அந்த மதில்களுக்குள்ளே பிறந்த ஓர் ஏற்பாடுதான் பிற்காலத்து மது ஏற்றுமதி முழுவதற்கும் அஸ்திவாரம். 1803ஆம் ஆண்டுச் சட்டம், தீர்வை செலுத்தாமலே சரக்கைப் பண்டகசாலையில் வைத்திருக்கவும், உள்நாட்டில் விற்பனைக்கு எடுக்கும் நாளில் மட்டும் தீர்வை கட்டவும், வெளிநாட்டுக்கு மறுபடி ஏற்றுவதானால் கட்டாமலே ஏற்றவும் இடங்கொடுத்தது. ஸ்காட்லாந்து வடிசாலைகளுக்கும் பின்னர் இத்தகைய பண்டகசாலைகள் வந்தன. கதவுக்கு இரண்டு பூட்டு: ஒரு சாவி வடிசாலைக்காரனிடம், மற்றொன்று கலால் உத்தியோகஸ்தரிடம். இருவரும் சேர்ந்து வந்து நின்றாலன்றி ஒரு துளி விஸ்கி வெளியே வராது. ஒருவரையொருவர் நம்பாத இருவருக்கு இதைவிடச் சுருக்கமான ஒப்பந்தம் இருக்க முடியாது. 1980களின் தொடக்கம் வரையில் இம்முறை நீடித்தது.

பூட்டுக்குள் இருப்பது எவ்வளவு என்று அளப்பது எளிது. அது எத்தனை வீரியமுள்ளது என்று அளப்பதே கஷ்டம். வெடிமருந்தின்மேல் சாராயத்தை ஊற்றிக் கொளுத்தி, சாராயம் எரிந்து தீர்ந்தபின் மருந்தும் பற்றினால் வீரியம் சரியென்று கொண்ட பழைய சோதனையில் தீர்வைக் கணக்கெழுத முடியுமா? பார்த்தலோமியூ சைக்ஸ் என்ற கலால் உத்தியோகஸ்தர் பித்தளையால் ஒரு மிதவைக் கருவி செய்தார். அது சாராயத்தில் எவ்வளவு அமிழ்கிறதென்பதையும் வெப்பத்தையும் பார்த்து, அட்டவணையிலிருந்து வீரியத்தைச் சொல்லிவிடலாம். 1803இல் அவர் காலமானார். கருவியைச் சட்டம் ஏற்றுக்கொண்டது 1816இல்தான். இன்றைய கணக்கில் நூற்றுக்கு 57 பங்குக்குச் சற்று மேற்பட்ட ஆல்கஹால் உள்ளதே அந்தக் கருவி வகுத்த அளவை. அதன் பிறகு, தண்ணீர் கலந்த திருடன் முதன்முறையாகப் பயப்படத் தொடங்கினான்.

இவ்வளவு ஏற்பாடுகளும் பீப்பாய்க்கே பயன்பட்டன. குப்பி இன்னும் வாசலுக்கு வெளியேதான் நின்றது. அதற்குப் புறக்காரணம் ஒன்றும் உண்டு. 1745 முதல் பிரிட்டனில் கண்ணாடிக்கே கலால் தீர்வை இருந்தது. அதுவும் எடைக்குத் தக்கபடி. கடலில் உடையாத கனத்த குப்பி செய்தால் தீர்வை ஏறும். தீர்வைக்கு அஞ்சி மெல்லிய குப்பி செய்தால் கடலில் உடையும். சரியாக நூறாண்டு கழித்து, 1845இல், பிரதமர் ராபர்ட் பீல் அத்தீர்வையை எடுத்தெறிந்தார். பதினைந்தாண்டு கழித்து, 1860இல், கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது வந்த சாராயச் சட்டம், வெவ்வேறு வடிசாலைகளின் விஸ்கிகளைத் தீர்வை கட்டுமுன்பே பண்டகசாலைக்குள் கலந்துகொள்ள அனுமதித்தது. இவற்றுள் இரண்டாம் சட்டம் விஸ்கியைப் பற்றிய இலக்கியங்களில் பாராட்டப்படும் அளவு, கண்ணாடியைப் பற்றிய முதற் சட்டத்துக்கு நன்றி செலுத்தியவர்கள் அதிகமில்லை. கலப்பு விஸ்கி பிறந்தவுடன், கலந்தவனின் பெயர் முக்கியமாயிற்று. பெயரைப் பீப்பாயில் எழுதி அனுப்பினால், அயல்நாட்டுக் கடைக்காரன் அதில் தண்ணீரையும் மட்டச் சரக்கையும் ஊற்றி, அதே பெயரால் விற்றுவிடுவான். பெயரைக் காப்பாற்ற ஒரே வழி, தானே அடைத்து, தானே தக்கையிட்டு, தானே முத்திரையிட்டு அனுப்புவது. சட்டம் சந்தேகித்த பாத்திரத்தையே வியாபாரி தன் யோக்கியதைக்குச் சாட்சியாக நிறுத்தினான்.

கில்மார்னக் என்ற ஊரில் ஜான் வாக்கர் 1820இல் திறந்த மளிகைக் கடை இதற்குச் சிறந்த திருஷ்டாந்தம். 1843இல் அவ்வூருக்கு ரயில் வந்தது; கிளாஸ்கோத் துறைமுகம் கைக்கெட்டும் தூரமாயிற்று. 1857இல் அவர் இறந்தபின் மகன் அலெக்சாண்டர், கிளாஸ்கோவிலிருந்து புறப்படும் கப்பல் தலைவர்களையே தம் முகவர்களாக்கி, போகிற துறைகளிலெல்லாம் விஸ்கியை விற்றுவரச் செய்தார். வட்டக் குப்பியைக் கைவிட்டுச் சதுரக் குப்பியை அவர் மேற்கொண்டது அழகுக்காக அன்று. வட்டக் குப்பிகளைப் பெட்டியில் அடுக்கினால் நடுவே வீண் இடைவெளி விழும். கப்பல் ஆடும்போது அவ்விடைவெளியில்தான் ஒன்றோடொன்று மோதும். சதுரக் குப்பிகள் தோளோடு தோள் நெருங்கி நிற்கும். ஒரு பெட்டியில் கூடுதலாகவும் பிடிக்கும். இந்த யுக்தி அவருக்கு முன்பே டச்சுக்காரருக்குத் தெரிந்ததுதான்: அடி சிறுத்து மேலே அகன்ற நாற்சதுர ஜின் குப்பிகளை, அறை தடுத்த மரப்பெட்டிகளில் இறக்கி, அவர்கள் ஆப்பிரிக்கக் கரைகளுக்கும் ஆசியாவுக்கும் இரு நூற்றாண்டாக அனுப்பிவந்தார்கள். சதுரக் குப்பியின்மேல் சாய்வாக ஒட்டிய சீட்டு மட்டும் வாக்கருடைய சொந்தக் கற்பனை.

விக்டோரியா மகாராணியின் பிற்காலத்தில் ஸ்காட்லாந்து ஏற்றுமதிக் கிடங்கு ஒன்றில் நடந்த வேலையைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். பெரிய கலப்புத் தொட்டியிலிருந்து குழாய் வழியே இறங்கும் விஸ்கியைக் குப்பியில் கழுத்து வரையில் நிரப்பமாட்டார்கள். சூடேறினால் சாராயம் தண்ணீரைவிட மிகுதியாக விரியுமாதலால், செங்கடலிலும் வங்கக்கடலிலும் கொதிக்கப்போகும் கப்பலின் அடித்தட்டை நினைத்து, தக்கைக்கும் திரவத்துக்கும் நடுவே கொஞ்சம் வெற்றிடம் விடுவார்கள். அந்த இடம் இல்லையென்றால், பம்பாய் சேர்வதற்குள் தக்கை எழும்பிவிடும். தக்கையின்மேல் ஈயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய தகட்டுக் குல்லாயைக் கவிழ்த்து இறுக்குவார்கள். தக்கையை எடுத்தவன் குல்லாயைக் கிழித்தே ஆகவேண்டும். பின்னர்ச் சீட்டு ஒட்டி, மெல்லிய காகிதத்தில் சுற்றி, பெரும்பாலும் பெண்களே வேலை செய்த நீண்ட மேசைகளில், ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு வைக்கோல் உறை மாட்டுவார்கள். நீண்ட தாள்களை மேலே கூம்பாகச் சேர்த்துக் கட்டி, நடுவில் இரண்டு மூன்று வரிசை நூலோட்டம் கொடுத்த உறை அது. சந்தைக்கு வண்டியேறும் பானைகளுக்கு நடுவே நம் குயவர் வைக்கோலைத் திணிப்பதன் திருந்திய வடிவம் என்று சொல்லலாம். திராட்சை மதுவின் குப்பியைப் படுக்கவைப்பதுண்டு. வீரியமான சாராயம் தக்கையை அரித்துவிடுமாதலால் விஸ்கியை நிறுத்தியே வைக்கவேண்டும். காலனுக்கு ஆறு குப்பி, பெட்டிக்குப் பன்னிரண்டு குப்பி என்ற கணக்கில், ஒரு பெட்டி என்றால் இரண்டு காலன் என்று உத்தியோகஸ்தர் திறவாமலே எழுதிவிடுவார். மூடியை ஆணியடித்து, இரு முனையிலும் இரும்புப் பட்டை இழுத்து, பெயரைச் சூட்டுக்கோலால் பொறித்தபின், ஏற்றுமதிக்காரன் ஒரு பிணைப்பத்திரத்தில் கையெழுத்திடவேண்டும்: தீர்வை செலுத்தாத இந்தச் சரக்கு பிரிட்டிஷ் கரையில் மறுபடி இறங்காது என்பது அதன் தாத்பரியம். இந்த வாசகத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அதனால் பின்னர் சிலர் சிறைக்குப் போகப்போகிறார்கள்.

நம் சென்னையிலும் இதற்குச் சற்று முன்பே கட்டும் கலையின் அதிசயம் ஒன்று நடந்தது. அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் குளங்களில் அறுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, பூமத்திய ரேகையை இருமுறை தாண்டிக் கடற்கரைக்குக் கொண்டுவந்து, 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸில் இறக்கினார்கள். பிற்காலத்தில் விவேகானந்தர் வந்து தங்கியதால் புனிதமடைந்த அந்தக் கட்டிடத்துக்கு முதற்காரணமான பனிக்கட்டி, துரைமார்களின் மதுக்கோப்பைகளையும் குளிர்வித்தது என்பதைச் சொல்லாமல் விடுவது சரித்திரத்துக்கு நியாயமாகாது.

உலகம் விஸ்கிக்காகக் காத்திருந்ததற்குப் பூச்சி ஒன்றும் காரணம். 1860களுக்குப் பின் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களை வேரோடு அழித்தது, பிராந்தி அருமையாயிற்று, அந்த இடத்தில் விஸ்கி உட்கார்ந்தது. டாமி டூவர் என்ற வியாபாரி 1892இல் உலகம் சுற்றப் புறப்பட்டு, இரண்டு ஆண்டுகளில் 26 நாடுகளில் 32 முகவர்களை நியமித்துத் திரும்பினார். காலிக் குப்பிகளை வாங்கி மட்டச் சரக்கை நிரப்பும் போலிகள் அதற்கு முன்பே தலையெடுத்திருந்தார்கள். 1887ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டம் அவர்களை நோக்கி எழுந்ததே. 1903இல் அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் செய்த இயந்திரம், ஒரே உயரமும் ஒரே வாயும் உள்ள குப்பிகளை ஆயிரக்கணக்காக வார்க்கத் தொடங்கியதும், குப்பிக்குக் குப்பி வேறுபட்ட பழைய ஊதுகண்ணாடியின் தொல்லை ஒழிந்தது. 1913இல் டீச்சர் கம்பெனி, திருகாணியில்லாமல் கையாலேயே எடுக்கக்கூடிய தக்கையையும், 1926இல் வைட் ஹார்ஸ் கம்பெனி உலோகத் திருகு மூடியையும் கொண்டுவந்தன.

அப்புறம் வந்தது அமெரிக்க மதுவிலக்கு. 1920 ஜனவரி முதல் 1933 டிசம்பர் வரையில், ஒரு பெட்டி விஸ்கி கிளாஸ்கோவில் முற்றிலும் சட்டத்துக்கு உட்பட்டு ஏறி, பஹாமாத் தீவின் நாஸாவ் துறையில் முற்றிலும் சட்டத்துக்கு உட்பட்டு இறங்கி, அங்கிருந்து ஒரு நாட்பயணத்தில் குற்றப்பொருளாக மாறிற்று. தண்டனைக்குப் பயந்தவர்கள் கட்டும் முறையையே மாற்றினார்கள். மரப்பெட்டி இருட்டில் சத்தமிடும், இடத்தை அடைக்கும், தூக்கி எறிந்தால் மிதந்து காட்டிக்கொடுக்கும். பில் மக்காய் என்ற கப்பல் தலைவர் கண்ட உபாயம் இது: வைக்கோல் உறையோடு மூன்று குப்பி கீழே, அவற்றின்மேல் இரண்டு, உச்சியில் ஒன்று என்று ஆறு குப்பிகளைக் கோபுரமாக அடுக்கி, முரட்டுச் சாக்கில் இறுக்கித் தைத்துவிடுவது. பெட்டியைவிட இடம் மிச்சம். படகுக்குப் படகு கையால் எறியலாம். நியாயமான வியாபாரம் எழுபது ஆண்டுகளில் எட்டாத சிக்கனத்தை அநியாய வியாபாரம் இரண்டு மூன்று ஆண்டுகளில் எட்டிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1923 நவம்பரில் மக்காய் தம் கப்பலோடு பிடிபட்டார். அவருடைய சாக்கு மூட்டை பிடிபடாமல் தொடர்ந்து கடலில் திரிந்தது.

கனடாக் கரைக்கு அப்பால் பிரான்சுக்குச் சொந்தமான ஸான் பியேர் என்ற சிறு தீவில் மீனவர்கள் மீன் உலர்த்துவதை விட்டு விஸ்கி இறக்கத் தொடங்கினார்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்த பெட்டிகளை அங்கே உடைத்து, குப்பிகளைச் சாக்குகளுக்கு மாற்றியதில், மரம் மலைபோல் குவிந்தது. அடுப்பெரித்ததுபோக மிஞ்சியதில் வீடே கட்டினார்கள். கட்டி சார்க் என்ற விஸ்கியின் பெட்டிப் பலகைகளால் எழுந்த ஒரு வீடு அந்த விஸ்கியின் பெயராலேயே வழங்கிற்று. 1924இல் பிரிட்டனும் அமெரிக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையில் இரண்டு ஷரத்துகள் அருகருகே இருப்பதைப் பார்த்தால் ராஜதந்திரத்தின் இனிமை விளங்கும். கரையிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் நிற்கும் பிரிட்டிஷ் கப்பலை அமெரிக்கர் சோதிக்கலாம் என்றது ஒன்று. பிரிட்டிஷ் கப்பல்கள் மதுவை முத்திரையிட்டு வைத்திருந்தால், முத்திரை உடையாத வரையில் அமெரிக்கத் துறைக்குள்ளேயே வந்துபோகலாம் என்றது மற்றொன்று. இருநூறு ஆண்டுக்கு முன் குப்பியை உள்ளே விடாத அதிகாரியின் வம்சம், இப்போது முத்திரையை நம்பி, மது மணக்கும் கப்பலை மதுவிலக்கு நாட்டுக்குள் விட்டது.

1941 பிப்ரவரி 5ஆம் தேதி நடந்தது இந்தக் கதையிலேயே விசித்திரமான சம்பவம். லிவர்ப்பூலிலிருந்து ஜமைக்காவுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் புறப்பட்ட ‘பொலிட்டிஷியன்’ என்ற கப்பல், ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுள் ஒன்றான எரிஸ்கேயின் அருகே பாறையில் தட்டி நின்றது. அதனுள் சுமார் 2,64,000 குப்பி விஸ்கி இருந்தது; யுத்தகாலத்தில் டாலர் சம்பாதிக்க அனுப்பிய சரக்கு. ஊரில் விஸ்கி தட்டுப்பாடு. தீவுக்காரர் படகேறிப் போனார்கள். கப்பலின் அடித்தட்டில் கடல்நீரும் கரிய எண்ணெயும் நிரம்பியிருக்க, அதன் அடியிலிருந்து கொக்கியால் பெட்டிகளைத் தூக்கி, குப்பிகளைக் கரைசேர்த்தார்கள். உடையில் எண்ணெய்க் கறை பட்டு அகப்பட்டுக்கொள்ளாமல் இருக்க மனைவிமாரின் பழைய பாவாடைகளை உடுத்துக்கொண்டு போனார்களாம். மூழ்கும் கப்பலிலிருந்து எடுத்தது திருட்டாகுமா என்று அவர்கள் வாதாடியது மனிதத் தர்மம். ஆனால் சுங்க அதிகாரி சார்லஸ் மக்கோல் பிடித்துக்கொண்டது பிணைப்பத்திரத்தின் வாசகத்தை. தீர்வை செலுத்தாத, ஏற்றுமதிக்கென்றே அடைத்த சரக்கு பிரிட்டிஷ் கரையில் இறங்கிவிட்டது! தீவுக்காரர் சிலர் சிறைத் தண்டனை பெற்றனர். கப்பலின் உடல் கடைசியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. காம்ப்டன் மக்கென்ஸி இதை 1947இல் நகைச்சுவை நாவலாக்கினார். 1949இல் திரைப்படமும் வந்தது. புயலிலும் பாறையிலும் எண்ணெயிலும் உடையாத அந்தக் குப்பிகளைக் கட்டிய கைகளைப் பற்றி மட்டும் இரண்டிலும் பேச்சில்லை.

மதுவிலக்கை நீக்கிய அமெரிக்கா குப்பியை அவ்வளவு சுலபத்தில் மன்னிக்கவில்லை. 1935 முதல் 1964 வரையில், காலிக் குப்பியை விற்பதும் மறுபடி பயன்படுத்துவதும் மத்தியச் சட்டப்படி குற்றம் என்ற வாசகத்தைக் கண்ணாடியிலேயே புடைப்பாக வார்க்கவேண்டும் என்று கட்டளையிட்டது. தபாலில் மது அனுப்பக்கூடாதென்று 1909இல் அந்நாடு போட்ட தடையோ இன்றும் நீக்கப்படவில்லை. நம் சென்னை ராஜதானியில், 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தபோது, இத்தனை கடல் தாண்டி வந்த குப்பிக்குக் கடைசித் துணையாக ‘பெர்மிட்’ என்றொரு காகிதம் சேர்ந்துகொண்டது. வெளிநாட்டு மதுவின் பாதுகாப்பான பிரயாணத்துக்கு வைக்கோலைவிடக் காகிதமே அதிகம் செலவாகிறது என்று தோன்றுகிறது.

அந்த வைக்கோலும் நிலைக்கவில்லை. கால்நடைகளின் கோமாரி நோய் பொதிவைக்கோலில் தொற்றி வருமென்று பல நாடுகள் அஞ்சி அதற்கு நிபந்தனைகள் விதித்தன. 1871இல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் குப்பிகளையும் விளக்குச் சிம்னிகளையும் சுற்றுவதற்கென்றே காப்புரிமை பெற்ற நெளிகாகிதம், அட்டைப் பெட்டியாக வளர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் வைக்கோலையும் மரப்பெட்டியையும் தள்ளிவிட்டது. மரத்தில் அனுப்புகிறவர்களுக்கும் இப்போது விதியுண்டு: மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் இருந்து பூச்சி செத்தது என்ற முத்திரை அதன்மேல் வேண்டும். விமானப் பயணிக்கு வேறொரு விதி. நூற்றுக்கு 24 பங்குக்கு மேல் 70 பங்கு வரை வீரியமுள்ள மதுவை, கடையில் அடைத்தபடியே, ஆளுக்கு ஐந்து லிட்டர் கொண்டுபோகலாம். 70க்கு மேற்பட்டதை விமானம் ஏற்றாது, ஏனெனில் அது மது என்பதைவிட எரிபொருள் என்பதே பொருத்தம்.

இவ்வளவும் தீர்ந்தபின்னும் ஒரு சிறு பிணக்கு நெடுநாள் நின்றது. காலனுக்கு ஆறு என்ற பழைய ஆங்கிலக் குப்பியும், தங்கள் சிறிய காலனுக்கு ஐந்து என்ற அமெரிக்கக் குப்பியும் ஏறத்தாழ ஒரே அளவு. ஆகவே 75 சென்டிலிட்டர் இரு கரைக்கும் பொதுவாக அமைந்திருந்தது. 1980இல் அமெரிக்கா அதையே சட்டமாக்கிற்று. ஐரோப்பாவோ 1992 முதல் 70 சென்டிலிட்டரைக் கட்டாயமாக்கிற்று. ஐந்து சென்டிலிட்டர் வித்தியாசத்துக்காக ஸ்காட்லாந்துக்காரர் ஒரே விஸ்கிக்கு இரண்டு குப்பி, இரண்டு சீட்டு, இரண்டு அட்டைப்பெட்டி வைத்திருக்கவேண்டியதாயிற்று. 2020 டிசம்பர் இறுதியில் அமெரிக்க அரசாங்கம் 70 சென்டிலிட்டர் குப்பியையும் அனுமதித்துவிட்டபடியால், இப்போது ஒரே குப்பி இரண்டு கரையிலும் சட்டத்துக்கு உட்பட்டு இறங்கலாம். சீட்டில் அச்சிடவேண்டிய எச்சரிக்கை வாசகம் மட்டும் இன்னும் நாட்டுக்கு நாடு வேறு.